முழங்கால் தண்ணீரில் பீரங்கி

கீல் நகரம், பிப்ரவரி 8

பேசாமல் இருந்தது போதும். எங்கள் குழு மெருகேற்றிவரும் நீர்மூழ்கிக் கணினி விளையாட்டில் ஹென்னிங் செய்த மேல்தளப் பீரங்கி வெறும் பொம்மை. தளத்தில் தண்ணீர் புரண்டாலும் அவனுடைய மாலுமிகள் சாவகாசமாகச் சுடுகிறார்கள். தண்ணீர் ஏறினால் பீரங்கி ஓய வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த திருத்தத்தைப் போன வருடம், “ஆடுறவன் தூங்கிடுவான்” என்று ஒதுக்கினான். சரித்திரத்தில் பட்டம் வாங்கியவன் நான். அவன் பல் பிடுங்குகிறவன்.

பிப்ரவரி 11

புதன் கூட்டம், மதுக்கடைப் பின்னறை. நான் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தைப் பெரிய திரையில் ஓடவிட்டேன். லேசான காற்றுதான். ஹென்னிங்கின் மாலுமிகள் முழங்கால் தண்ணீரில் நின்று சுட்டார்கள்.

“டாக்டரே, பசங்களுக்கு நீச்சல் டிரஸ் குடுத்தீங்களா?” என்றான் குழுவில் வாய்நீளமான உவே. அறையே சிரித்தது.

“இந்தக் காத்துக்குத் தண்ணி எப்படிய்யா ஏறும்? வோல்க்மார், வேற ஆட்டத்துல ஒரு தடவ பாரேன்” என்றான் ஹென்னிங் என்னிடம்.

“தோத்தவன் கேக்கறது எப்பவும் இன்னொரு ஆட்டம்தான்” என்றேன்.

கை தூக்கச் சொன்னார்கள். பீரங்கி என் பொறுப்புக்கு வந்தது. ஹென்னிங் பீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். இனிப் புதன்கிழமை வரமாட்டானாம்.

பிப்ரவரி 12

நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 15

அந்த ஆட்டத்தில் படகின் சேதப் பக்கத்தை இன்றுதான் திறந்தேன். முன்பக்க மிதவைத் தொட்டியில் ஓட்டை. ஜனவரியில் ஆடியபோது விமானம் குண்டு போட்டது, தப்பித்தவுடன் சேமித்தேன், மறந்தேன். படகு பாதி அமிழ்ந்து கிடக்கிறது; தண்ணீர் ஏறாமல் என்ன செய்யும்? என் சோதனை எல்லாமே இந்த ஓட்டைப் படகில்தான்.

புதுப் படகை எடுத்தேன். அதே காற்று. தளம் காய்ந்திருக்கிறது. காற்றைக் கூட்டினேன் — ஹென்னிங்கின் பீரங்கி தானாக ஓய்ந்தது. நான் கேட்டதையே காற்றின் வேகத்தை வைத்துக் கணக்காக்கி வைத்திருக்கிறான்.

அடப்பாவி வோல்க்மார், என்னடா பண்ணி வச்சிருக்க.

பிப்ரவரி 18

ஹென்னிங்கின் நாற்காலியில் எல்லோருடைய கோட்டுகளும் கிடந்தன. “பீரங்கி எப்ப வரும், வாத்தியாரே?” என்றான் உவே. வாயைத் திறந்தேன். பீர் குடிக்கத்தான்.

பிப்ரவரி 20

படகுத்துறை மீன்ரொட்டிக் கடையில் ஹென்னிங். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

“தண்ணி எப்படி ஏறுச்சுன்னு தெரியலப்பா. என் கணக்குலதான் எங்கயோ தப்பு இருக்கணும். உக்காந்து தேடிட்டே இருக்கேன்.”

என் வாய் நிறைய ரொட்டியும் மீனும். தலையை மட்டும் ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன்?

பிப்ரவரி 22

எங்கள் இணையப் பலகைக்கு எழுதி முடித்தேன்: சோதித்தது ஓட்டைப் படகு, ஹென்னிங்கின் கணக்கில் தப்பில்லை, அவன் பீரங்கியையே திரும்ப வையுங்கள். கீழே என் பெயரை அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன்.

அந்த ஆட்டம் என் ஒருவனிடம்தான் இருக்கிறது. எழுதியது யார் என்று உவேவுக்குக்கூட உடனே தெரிந்துவிடும். தெரியட்டும். ஆனால் என் கையால் அந்தப் பெயரை அங்கே வைக்க முடியவில்லை.

பெயரில்லாமலே போடப்போகிறேன்.