வெட்டிய பதின்மூன்று நிமிடம்

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இன்று, மாதம் ஒன்று போடும் எங்கள் பாட்காஸ்டின் முப்பத்தொன்றாவது பதிவு. படித்து மறந்துபோன புத்தகம் நம்மிடம் இருக்கிறதா, இல்லையா? இதுதான் பேச்சு. மறந்தாலும் அது உள்ளே இருந்து வேலை செய்துகொண்டிருக்கும் என்பது அவன் கட்சி. ஒரு வரிகூட நினைவில்லை என்றால் அதுவும் படிக்காததும் ஒன்றுதானே என்று கேட்டேன் நான். கடைசியில் அவனே, "சரி, நீயே ஜெயிச்சே. அடுத்ததுக்குப் போவோமா?" என்றான். அண்ணன் என்னிடம் விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே குறை, மைக்கில் புஸ்புஸ்ஸென்று மூச்சு விடுகிறான். மூச்சு விடாமல் பேசிப் பழகு என்று கேலி செய்தேன். சிரித்தான்.

ஜூன் 11, புதன்

கடை வேலை முடிந்து வந்து பதிவை வெட்ட உட்கார்ந்தேன். அவன் ஃபோனிலிருந்து அனுப்பியது அறுபத்தொரு நிமிடம். பாதியில் நின்ற வாக்கியம், இருமல், மூச்சு, இழுவை, எல்லாவற்றுக்கும் கத்தரி. நாற்பத்தெட்டில் வந்து நின்றது. வெளியிட்டுவிட்டு, வழக்கம்போல முழுப்பதிவை அழித்தேன். போன வருஷமெல்லாம் ஐந்து நிமிடம் வெட்டினாலே அதிகம். கிழவனாகிக்கொண்டு வருகிறான்.

ஜூன் 14, சனி

தங்கை அண்ணன் வாயை அடைத்துவிட்டாள் என்று கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் அவனுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்தது.

ஜூன் 29, ஞாயிறு

அண்ணன் போய் ஆறு நாள். இதயம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஜூலை 3, வியாழன்

பேருந்தில் எங்கள் கடைசிப் பதிவான முப்பத்தொன்றைக் கேட்டேன். அவன் குரலைக் கேட்கத்தான். ஆனால் ஏதோ இடிக்கிறது. என் கேள்வி முடிந்ததும் முடியாததுமாக, "சரி, நீயே ஜெயிச்சே" என்கிறான். இவ்வளவு சீக்கிரமாகவா? அவனா? நடுவில் ஏதோ இருந்திருக்கிறது. நான்தான் எடுத்திருக்கிறேன். எதை எடுத்தேன் என்று நினைவே இல்லை.

ஜூலை 5, சனி

கடைக்கு வந்த பெரியவர் ஒருவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருந்து அப்புறம், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி உட்கார வைத்தேன். மருந்துக்கடையில் பதினோரு வருஷம். வாசலில் கேட்கிற மூச்சை வைத்தே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன்.

ஊர்ல இருக்கிறவங்க மூச்சையெல்லாம் கேட்டேனே, அவன் மூச்சை மட்டும் —

ஜூலை 13, ஞாயிறு

அண்ணி அவன் ஃபோனை எடுத்துக் கொடுத்தார். அவன் எதையும் அழிப்பவன் இல்லை. முழுப்பதிவும் இருந்தது. அதே மேசையில் உட்கார்ந்து கேட்டோம்.

என் கேள்விக்குப் பிறகு நாற்பது வினாடி. "மறந்தது எங்கேயும் போகலை... அது..." என்று தொடங்குகிறான். மூச்சு. டம்ளரை வைக்கிற சத்தம். மறுபடி மூச்சு, இழுத்து இழுத்து. அப்புறம்தான் "சரி, நீயே ஜெயிச்சே." அவன் விட்டுக்கொடுக்கவில்லை. பேச முடியவில்லை. அதன் பிறகு என் சிரிப்பும் அந்தக் கேலியும். காதைப் பொத்திக்கொண்டேன்.

அண்ணி மெதுவாகச் சொன்னார். "மாடி ஏறினா நாலு தடவை நின்னுதான் வருவாரு. டாக்டர்கிட்ட அடுத்த மாசம் போலாம்னாரு. தெரிஞ்சா நீ ஞாயித்துக்கிழமை வர்றதை நிறுத்திடுவியோன்னு உங்கிட்ட மட்டும் சொல்லவிடலை."

கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

குழாயைத் திறந்தால் அந்த மூச்சு. பேருந்துக் கதவு மூடினால் அந்த மூச்சு. புத்தகத்தில் பக்கம் புரட்டினால்கூட.

ஜூலை 17, வியாழன்

"அது..." — அதுக்கப்புறம் என்னடா சொல்ல வந்தே?

ஜூலை 20, ஞாயிறு

முப்பத்தொன்றை மறுபடி வெளியிட்டேன். அறுபத்தொரு நிமிடம், என் கேலியும் சேர்த்து. காரணம் எதுவும் எழுதவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

வழக்கமாகக் கேட்கிற ஒருவர் எழுதியிருக்கிறார்: இந்தத் தடவை ஒலி சரியில்லை, நடுநடுவே மூச்சுச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது, அதையெல்லாம் வெட்டியிருக்கலாமே என்று.

கடைக்குக் கிளம்பும் முன் பதில் போட்டேன். "ஆமாம். அது என் அண்ணன்."