நின்றுபோகும் பதிப்பு

மார்ச் 4

கண் எரிச்சல் இன்றும் விடவில்லை. அம்மா பக்கத்து வீட்டில் நான் லைப்ரரியில் வேலை செய்வதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். திருத்தத் தெம்பில்லை. ஒரு வகையில் உண்மைதானே? நான் பார்த்துக்கொள்ளும் மென்பொருளுக்கும் லைப்ரரி என்றுதான் பெயர், அது ஆலைகளுக்குப் போகிறது. எந்தத் தொட்டியின் வெப்பம் எந்தத் திரையில் தெரிய வேண்டும் என்று ஆலைக்காரர்கள் ஒரு கோப்பில் எழுதி வைப்பார்கள். அதைப் படித்து மற்ற நிரல்களுக்குச் சொல்வது அதன் வேலை.

புதுத் தொட்டி வந்தால் பழைய தொட்டியின் கோப்பை அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். எந்த வெப்பமானியைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் முகவரியை மாற்ற மறந்துபோகிறார்கள். அப்புறம் இரண்டு திரையிலும் ஒரே தொட்டியின் சூடுதான். எண் ஏறி இறங்குவதால் யாருக்கும் சந்தேகம் வராது. இன்று ஒரு சோதனை சேர்த்தேன். இரண்டு தொட்டிக்கு ஒரே முகவரி இருந்தால் நிரல் கிளம்பாது. தலைகீழாக நின்றாலும் கிளம்பாது.

மார்ச் 11

புதுப் பதிப்பு முதலில் போனது அண்ணன் வேலை பார்க்கும் சாய ஆலைக்கு. என் நேரம். காலையிலேயே போன்.

"உன் புரோகிராம் கழுத்தறுக்குது. உன் தங்கச்சி வெச்ச ஆப்பான்னு எல்லார் முன்னாடியும் சூப்பர்வைசர் கேக்குறான்."

"கோப்பைச் சரி பண்ணுண்ணா."

"ஒவ்வொரு தொட்டியா போய் ஒயரைப் பாக்கணும். ஆர்டர் நிக்குது. யாரு பாப்பாங்க, நீ வந்து பாப்பியா?"

வைத்துவிட்டான். மதியத்துக்குள் பழைய பதிப்புக்கே திரும்பிவிட்டார்களாம்.

மார்ச் 12

மேலாளர் கூப்பிட்டார். "எச்சரிக்கை மட்டும் காட்டுங்க. நிறுத்தாதீங்க."

ஏற்கனவே அந்தத் திரையில் எச்சரிக்கைகள் கொட்டுகின்றன, யார் படிப்பார்கள் என்றேன்.

"படிக்கிறது அவங்க பொறுப்பு. கிளம்புறது நம்ம பொறுப்பு."

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நானா சொன்னேன்?

மார்ச் 15

லைப்ரரியை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். இனி நான் பயனர் கையேடு எழுத வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்றவர் அரை மணியில் என் சோதனையை வெறும் எச்சரிக்கையாக மாற்றி ஆலைகளுக்கு அனுப்பிவிட்டார். நல்ல மனிதர், டீ வேறு வாங்கிக் கொடுத்தார். அவரைத் திட்டக்கூட முடியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏப்ரல் 7

ஞாயிறு. அண்ணனுக்குப் போன் போட்டால் அண்ணி எடுத்தாள். "அவரு குளிக்கிறாரு." ஒவ்வொரு ஞாயிறும் குளித்துக்கொண்டே இருக்கிறான்.

ஏப்ரல் 9

கையேடு. கையேடு. உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, படுத்தால் போய்விடுகிறது.

ஏப்ரல் 16

அண்ணனே கூப்பிட்டான். அலுவலக மாடிப்படியில் நின்று பேசினேன்.

"ஏழாவது தொட்டியைக் கழுவ நான் இறங்குறதா இருந்துச்சு. ஸ்கிரீன்ல முப்பது டிகிரி. அதைப் பாத்துட்டுத்தான் மூடியைத் திறக்கச் சொன்னேன். திறந்தவன் மேல ஆவி அடிச்சிடுச்சு."

"யாருண்ணா?"

"கூட வேலை பாக்குறவன். கண்ணு தப்பிச்சிடுச்சு. கழுத்து, தோளெல்லாம் வெந்துபோச்சு. அந்த எச்சரிக்கை ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. நான் பாக்கலை."

சொன்னேனே என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஐயோ, சொல்லி என்ன ஆகப்போகிறது? இறங்கியிருக்க வேண்டியவன் இவன்.

"நின்னுபோற பதிப்பு உன்கிட்ட இருக்கா? அதைக் குடு."

இப்போது அது என் கையில் இல்லை, ஆலையிலிருந்து எழுதிக் கேட்டால்தான் நடக்கும் என்றேன். கேட்கிறேன் என்றான்.

ஏப்ரல் 22

எழுதிக் கேட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "உங்க பழைய சோதனையைத் திரும்பப் போட்டுக் குடுத்துடுங்க" என்றார் மேலாளர், ஏதோ நான்தான் எடுத்துவிட்ட மாதிரி. கையேட்டையும் நானே முடிக்க வேண்டுமாம். சரி என்றேன். சண்டை போடச் சக்தியில்லை.

ஏப்ரல் 25

இன்று ஆலையில் ஏற்றினார்கள். கிளம்பவில்லை. காலை முழுக்க அண்ணன் போனில் இருந்தான். ஒரு தொட்டியின் ஒயரைப் பிடித்துப் போய்ப் பார்ப்பான், முகவரியைத் திருத்துவான், நிரல் அடுத்ததில் போய் நிற்கும். ஒரு தடவைகூடத் திட்டவில்லை.

மதியம் தாண்டித்தான் கிளம்பியது. ஏழாவது தொட்டி மட்டுமில்லை. மூன்று, ஒன்பது, பதினொன்று எல்லாம் வேறு தொட்டியின் சூட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

"ஒன்பதை நான்தான் கழுவுவேன்" என்றான். "வருஷக்கணக்கா ஸ்கிரீனைப் பாத்துட்டுத்தான் இறங்குறேன்."

சாப்பிட்டியா என்று கேட்டேன். இல்லை என்றான். போனையும் வைக்கவில்லை.