செருப்புத் துண்டும் மூன்று நிபுணர்களும்

சேசு மரி சூசை துணை

பேசாலை,
ஆவணி 2012.

அன்புள்ள இவருக்கு,

நானும் விஜிதாவும் பிள்ளைகளும் சுகம். உங்கள் சுகத்தை இந்தியா முகாமிலிருந்து போன கிழமை வந்திறங்கிய சனம் சொல்லித்தான் அறிந்தேன். இன்னும் பெயின்ற் அடிக்கத்தான் போகிறீர்களாம். மெலிந்துவிட்டீர்களாம். தாடி வேறு வளர்க்கிறீர்களாம். மெலிந்ததற்குக் கவலைப்படுகிறேன். தாடியைப் பற்றி நேரில் கதைப்போம்.

ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நான் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டவுடன் உங்கள் பக்கம் லைன் வெட்டிவிடுகிறது. மற்ற நேரங்களில் வெட்டுவதில்லை. மீன் விலை, மழை, பக்கத்து வீட்டு ஆடு எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. அந்த ஒரு கேள்விக்குத்தான் சிக்னல் போதாது. கடிதத்தை இடையில் வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

என் புதிய உத்தியோகம் எப்படி என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். மன்னாரில் ஒரு பயிற்சி நிலையத்தில், திரும்பி வந்த குடும்பத்துப் பொடியளுக்குப் படகு எஞ்சின் திருத்தப் படிப்பிக்கப் போகிறார்கள். அதற்கு ஏற்கெனவே ஒரு பாடப் புத்தகம் இருக்கிறது. யாரோ கதிரையை விட்டு எழும்பாமல் பெற்றோல் எஞ்சினைப் பற்றி எழுதியது. எங்கள் ஆட்கள் பெற்றோலில் இழுத்துப் பற்றவைத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுகிறவர்கள் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. ஆகவே தொழில் தெரிந்தவர்களை ஒரு மேசையில் இருத்தி, அவர்கள் சொல்வதைக் கேட்டுப் புத்தகத்தைத் திருத்தி எழுத என்னை எடுத்திருக்கிறார்கள். முகாமில் பின்னேர வகுப்பு எடுத்தேன் என்பதுதான் என் தகுதி. எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதை நீங்கள் தோளில் தூக்கினால் நான் முதுகுக்குத் தைலம் போட வேண்டும் என்பது மட்டும்.

மேசையில் இருத்தினேன். அன்று தொடங்கியது எனக்கு வேதசாட்சி வாழ்க்கை.

முதலாவது ஆள் நவரத்தினம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எஞ்சின் என்று ஒருநாளும் சொல்ல மாட்டார், வெளியிணைப்பு இயந்திரம் என்பார். பிளக்கைக் கழற்றித் துடைப்பது எப்படி என்று ஒரு பக்கம் கேட்டேன். வெப்பம் என்றால் என்ன என்று தொடங்கி ஒரு கொப்பி நிறைய எழுதித் தந்தார். பிளக் அதில் கடைசி வரியில் வருகிறது, அதுவும் அடைப்புக்குறிக்குள்.

இரண்டாவது ஆள் உங்களுக்குத் தெரிந்த பஸ்தியாம்பிள்ளை அண்ணர். சண்டைக் காலம் முழுக்க இந்தக் கரையின் எஞ்சின்கள் தன் கையால்தான் ஓடின என்பது அவருடைய கட்சி. எழுத மாட்டார், சொல்லுவார். சொல்லும்போது ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு கதை, ஒவ்வொரு கதையிலும் ஒரு நேவிக்காரன், முடிவில் எப்போதும் இவருக்குத்தான் வெற்றி. நான் குறிப்பெடுத்ததை வாசித்துப் பார்த்தால் அது பாடமில்லை, சுயசரிதை.

மூன்றாவது ஆள் சரிபுதீன் நானா. புத்தளத்திலிருந்து எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்து உதிரிப்பாகக் கடை போட்டிருக்கிறார். நல்ல மனிதர், வரும்போதெல்லாம் தொதல் இனிப்புக் கொண்டு வருவார். ஆனால் எந்தப் பழுதைச் சொன்னாலும் அவருடைய மருந்து ஒன்றுதான்: கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டு. அவர் சொன்னபடி எழுதினால் பாடம் முடியும்போது எஞ்சினில் பழையதென்று மிஞ்சுவது பெயின்ற் மட்டும்.

ஒருவர் எழுதியதை மற்றவர் வெட்டுவார். வெட்டியதை மூன்றாமவர் வெட்டுவார். இரண்டு பேர் ஒத்துப்போனால் எனக்குப் பயம் வந்துவிடும், ஏனென்றால் அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பிழை பிடிப்பார்கள். கோபத்தில் நானே ஒருநாள் அவர்களுடைய தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் கொடுத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. அப்படிச் சண்டை.

இந்தச் சண்டையெல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது. எண்ணெய்க் குழாய்ப் பூட்டில் ஒழுகாமல் போடுகிற வாசர். பஸ்தியாம்பிள்ளை அண்ணரின் பாடம் இது: இறப்பர் செருப்பில் ஒரு துண்டு வட்டமாக வெட்டிப் போடு, போதும். சாமான் வராத காலத்தில் கரை முழுக்க அப்படித்தானே ஓடியது. நானும் அப்படியே எழுதிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டேன். அங்கே பாடங்களைச் சரிபார்க்கும் பிரஷாந்தி என்ற பிள்ளை பதில் போட்டிருந்தது: இந்தச் செருப்பின் அளவு என்ன, எந்தக் கடையில் வாங்குவது, பாக இலக்கம் தருக. நான் சிரித்துக்கொண்டு அதை மேசையில் வாசித்தேன். பஸ்தியாம்பிள்ளை அண்ணர் சிரிக்கவில்லை. எட்டாம் நம்பர், இடது கால், குதி தேயாதது என்று எழுதச் சொன்னார்.

சரிபுதீன் நானா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார். இப்போது கடையில் வாசர் குவிந்து கிடக்கும்போது பொடியளுக்குச் செருப்பு வெட்டப் படிப்பிப்பது பாவம் என்றார். கடலுக்கு நடுவில் ஒழுகினால் உன் கடை நீந்தி வருமோ என்று அண்ணர் கேட்டார். நவரத்தினம் மாஸ்டர், செருப்பைச் சேர்ப்பதானால் அதன் நெகிழ்ச்சிக் குணகத்தையும் சேர்க்க வேண்டும் என்றார். கிழமைக் கணக்கில் இதே கூத்து. பாடம் முடியாவிட்டால் வகுப்பு வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்று கந்தோரிலிருந்து எச்சரிக்கை வேறு வந்தது.

போன வியாழன் எனக்கு விசர் ஏறிவிட்டது. பேனையை மேசையில் அடித்து, நீங்கள் ஒருவரும் சொல்ல வேண்டாம், என் மனுசன் வந்து சொல்லுவார், அதுவரை இந்தப் பக்கம் அப்படியே கிடக்கட்டும் என்று கத்திவிட்டேன்.

வாயிலிருந்து போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. உங்களிடம் ஒரு சொல் கேட்காமல் ஊருக்கு அறிவித்துவிட்டேன். இனி எப்படி முழுங்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். எந்நாளும் வாய் ஓயாத பஸ்தியாம்பிள்ளை அண்ணர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மரியதாஸ் வாறானோ?” என்று கேட்டார். “அவன் போடாதை எண்டு சொன்னால் அந்தப் பாடத்தை நான் வெட்டுறன். எனக்கு வேற ஆர் சொன்னாலும் வேண்டாம்.”

சரிபுதீன் நானா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். அவர் அந்த வருசம் இங்கே இல்லை. அண்ணருக்குத் தெரியும்.

இதை எழுதாமல் கடிதத்தை முடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. நாங்கள் கடல் கடந்த அன்று எங்கள் எஞ்சினிலும் செருப்புத் துண்டுதான் இருந்தது. நீங்கள்தான் வெட்டிப் போட்டீர்கள். வேறு என்ன செய்திருக்க முடியும்? அந்த வருசம் வாசர் விற்கக் கடையே திறக்கவில்லை. மணல் திட்டிக்குக் கிட்ட எஞ்சின் நின்றதும், படகைத் தள்ள விஜிதாவின் மனுசன், தம்பி ரொபின்சன் இறங்கியதும், நீரோட்டம் அவனைத் திருப்பித் தராததும் உங்களுக்குத் தெரியாததல்ல. முகாமுக்குப் போன முதல் மாதம் ஒரேயொரு தடவை சொன்னீர்கள்: இறப்பர் மண்ணெண்ணெயில் ஊறி ஊதிவிடும், ஊதினால் எண்ணெயை மறிக்கும், கரையோரத் தொழிலுக்குத் தாங்கும், தூரத்துக்குத் தாங்காது என்று. அதன் பிறகு நீங்கள் எஞ்சின் திருத்தும் சாவியைத் தொடவில்லை. பெயின்ற் வாளியைத் தூக்கினீர்கள். நானும் கேட்கவில்லை.

இந்த மூன்று நிபுணர்களில் ஒருவர் சேர் என்கிறார், ஒருவர் எடு என்கிறார், ஒருவர் கணக்குப் போடு என்கிறார். எவ்வளவு தூரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பொடியளுக்கு அதுதானே தெரிய வேண்டும்.

இதை நான் சொல்லவில்லை, விஜிதா சொன்னாள். அவளுக்கும் நிலையத்தில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. வியாழக்கிழமை நான் கத்தியது குசினிக்குக் கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வரும்போது பஸ்சில் என் பக்கத்தில் இருந்தாள். நான் வேறு எதையோ அலட்டிக்கொண்டு வந்தேன், என்னைத் தெரியும்தானே. இறங்கும் இடம் வந்ததும் சொன்னாள்:

“அத்தானையே வரச்சொல்லுங்கோ அக்கா. எங்க தாங்கும், எங்க நிக்கும் எண்டு அவருக்குத்தான் தெரியும். அவர் அதைச் சொல்லிக்குடுத்தால் எனக்கு ஆறுதல். என்ர மோனும் நாளைக்குக் கடலுக்குத்தானே போகப்போறான்.”

எனக்கு வாய் வரவில்லை. உங்களைக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் வாய் வராமல் போனது இதுதான் முதல் தடவை, குறித்து வையுங்கள்.

அவள் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு அங்கே இருக்கிறீர்கள். அவள் பார்க்கக் காத்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு மேல் நான் என்ன எழுத?

அந்தப் பாடத்தை எழுதித் தபாலில் அனுப்பலாம் என்று யோசிக்காதீர்கள். உங்கள் எழுத்து எனக்கே விளங்காது. நேரில் வந்து சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். படிப்பிக்கும் ஆளையும் இன்னும் எடுக்கவில்லை. நான் அதைப் பற்றி ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, இரண்டு பேரிடம் சொன்னேன்.

முகாம் கந்தோரில் பெயரைக் கொடுத்தால் திருச்சியிலிருந்து விமானத்தில் ஏற்றி அனுப்புகிறார்களாம். கடல் அடியில்தான் கிடக்கும், நீங்கள் பார்க்கத் தேவையில்லை. எஞ்சினுக்குப் பொறுப்பு வேறு ஆட்கள், சத்தம் மாறினாலும் எழும்பிப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. ஒருமுறை நீங்கள் சும்மா இருந்து வாருங்கள். மடு மாதா பக்கத்துக் கதிரையில் இருப்பா.

உங்கள்
அன்ரோனெற்