மொட்டைக்குப் புருவம் போகுமா

ஆடி 2, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மேகம் மலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. மிளகாய் காயவைக்க முடியவில்லை.

மருமகள் கலா பள்ளிப்பட்டு அம்மா வீட்டிலிருந்து நேற்று வந்தாள். தலை மொட்டை. வரும் வழியிலேயே முருகன் மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டாளாம். வேண்டுதலாம். என்ன வேண்டுதல் என்று எனக்குச் சொல்லவில்லை, கூப்பிடவும் இல்லை. சந்தனத்தை அப்பிக்கொண்டு வந்து நின்றாள்.

இவள் கல்யாணத்தில் இவள் அம்மா எதிர்வீட்டு ருக்குவுக்கு முதலில் தாம்பூலம் கொடுத்துவிட்டுப் பிறகுதான் என்னிடம் வந்தாள். பச்சைப் புடவை, அரக்கு பார்டர். தட்டில் கொட்டைப்பாக்கு மூன்று. மறக்கவில்லை. மகள் மட்டும் வேறு மாதிரியா இருப்பாள்?

சோறு மூடி வைத்தேன். அவள் தொடவில்லை.

ஆடி 4, ஞாயிறு

சாம்பாருக்கு வெங்காயம். மகன் சேகர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர்.

"உரிக்கறவ நானு. நீ ஏன் நைனா அழுவுற?"

"அம்மா, கலாவுக்கு மார்ல கட்டி. கேன்சராம். ரெண்டு மாசமா மெட்ராஸ்ல ஊசி போட்டுகினு கீறோம்."

"பள்ளிப்பட்டுன்னு சொன்னீங்களே?"

"உன்கிட்ட சொல்ல வேணாம்னா. முடி கொத்துக் கொத்தா வரவும் அவளே மலைக்குப் போய் எடுத்துகினா. இந்த ஊர்ல மொட்டையப் பாத்து யாரு கேக்கப் போறாங்கன்னா."

சரிதான். பஸ் ஸ்டாண்டில் நின்றால் எங்கே பார்த்தாலும் சந்தனத் தலை. ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை? அது தனிக் கோபம். இப்போதைக்கு ஓரமாக வைத்திருக்கிறேன்.

வதக்கப் போட்ட வெங்காயம் தீய்ந்துவிட்டது.

ஆடி 9, வெள்ளி

கலா தெருவுக்குச் சொல்லக்கூடாது என்றாள். கேட்டவர்களும் நான் சொன்னதும்:

பால்காரர், "மருமவ மொட்டையா?" வேண்டுதல்.

பூக்காரம்மா, "ஏன் இப்படி இளைச்சிட்டா?" விரதம்.

ருக்கு, "வேலைக்குப் போவலியா?" லீவு.

ஒரு வார்த்தைக்கு மேல் கிடையாது. நீட்டினால் அவர்களும் நீட்டுவார்கள்.

கலா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அத்தை, நல்லாத்தான் பொய் சொல்றீங்க."

"உன் மாமனாரோட குடும்பம் நடத்தினவ. வராம எங்க போவும்?"

சிரித்தாள். சிரிப்போடேயே வாந்தி. நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கைக்குள் அந்தத் தலை எவ்வளவு சின்னது.

ஆவணி 6, வெள்ளி

ருக்கு மோர் கேட்கிற சாக்கில் உள்ளே வந்தாள். கலா கூடத்தில்.

"ஏண்டி கலா, மொட்டை சரி. புருவம் எங்க போச்சு? இப்ப மலையில அதையும் சேத்து எடுக்கறாங்களா?"

எத்தனையோ கேள்விக்குப் பதில் வைத்திருந்தேன். இதற்கு இல்லை. கலா தரையைப் பார்த்தாள்.

"உன் கண்ணுல பூ விழுந்திருக்கு. போயி டாக்டர்கிட்ட காட்டு," என்று மோரைக் கையில் கொடுத்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனேன். ருக்குவை இதற்கும் மன்னிக்கப் போவதில்லை.

சாயங்காலம் கடைத்தெருவில் மை வாங்கினேன். கலாவுக்கு விரல் நுனி மரத்துக் கிடக்கிறது, மருந்துதான். நானே வரைந்தேன். இடது பக்கம் மேலே ஏறிவிட்டது.

கண்ணாடி பார்த்தாள். "எதையோ பாத்து வாயப் பொளந்தவ மாதிரி கீறேன் அத்தை."

அழித்து மறுபடி வரைந்தேன். கண்ணை மூடி முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

ஆவணி 20, வெள்ளி

மெட்ராஸிலிருந்து இருட்டும் முன்பே வந்துவிட்டார்கள். கலா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"இனிமே ஊசி வேணாம்னுட்டாங்க அத்தை."

மலை இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். முருகா என்றேன், சத்தமாக. திரும்பினால் சேகர் இல்லை. பின்பக்கம் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம். நிற்கவே இல்லை.

"வேணாம்னா?"

"போட்டுப் பிரயோஜனம் இல்லையாம். உள்ள பரவிடுச்சாம்."

கும்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ரசம் மட்டும் வைத்தேன்.

புரட்டாசி 12, ஞாயிறு

தூறல். காஸ் வந்தது. முருங்கைக்கீரை.

கலாவுக்கு முடி வருகிறது. ஊசி நின்றதால் வருகிறது. மொட்டை போட்ட தலை முளைக்கும்போது உள்ளங்கையில் குத்தும். இது குத்தவில்லை. பிறந்த குழந்தையின் முடிபோல் மெத்தென்று படுக்கிறது. புருவமும் கோடாக.

ருக்கு வாசலிலிருந்தே, "முடி வந்துடுச்சே! முருகன் கண்ணத் தொறந்துட்டான்!"

ஆங் என்றேன்.

எண்ணெய் வைக்கச் சொன்னாள் கலா. காலடியில் வந்து உட்கார்ந்தாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

"பின்னல் போட எவ்ளோ நாளாவும் அத்தை?"

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"சீக்கிரம் வந்துடும்," என்றேன்.

சீப்பை எடுத்துக் கொடுத்தாள். பல்லில் சிக்குகிற அளவுக்கு முடி இல்லை. வாரிவிட்டேன்.