சலவை அறைக்கு வந்த புதிய ஃபேன்

இன்று காலை நம் சலவை அறையில் புதிய எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டி ஓட்டிக் காட்டினார்கள். சுவரை இடித்து, ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்குத் துளை போட்டு அதில் பொருத்தியிருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டதும் பிளீச் நெடியோடு நின்ற ஆவியெல்லாம் அந்தப் பக்கம் ஓடியது. எதிர்ச் சுவர் தெரிந்தது. அதற்கு நீலச் சாயம் அடித்திருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். நான் துணி மடிக்கும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன மழைக்காலத்திலேயே நீ போய்விட்டாய்.

அப்புத்தளைத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் உன் வீடும் என் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். கொழுந்துக் கூடையை இருவரும் ஒன்றாகத்தான் இறக்கி வைத்தோம். பண்டாரவளை ஹோட்டலில் சலவைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு வந்தவள் நீதான். "மழையில நனையாம ஒரு வேல செஞ்சு பாப்போம் புள்ள" என்றாய். மழையில் நனையவில்லைதான். ஜன்னல் இல்லாத அந்தக் கீழறையில் காலையிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பழைய ஃபேன் ஓடிய வரைக்கும் அதைத் தாங்க முடிந்தது.

அந்த ஃபேனின் மோட்டார் கருகிய கிழமையே மேலே சமையல் நடக்கும் குசினியின் ஃபேனும் திணற ஆரம்பித்தது. நீ மனேஜரைத் தேடி மேலே போனாய், துணைக்கு நானும் வந்தேன்.

"மொதல்ல குசினிக்குத்தான் வாங்கணும். பொக சாப்பாட்டு ஹாலுக்குள்ள போகுது" என்றார் அவர்.

"எங்க ஆவி மேல வர்றதில்லங்க சேர். அப்ப நாங்க மேல வந்து மூச்சு விட்டுட்டுப் போகலாங்களா?"

நீ கேலியாகக் கேட்கவில்லை. அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நீ செய்த காரியத்தை ஹோட்டலில் இன்னும் பேசுகிறார்கள். ஈர விரிப்புகளைக் கூடையோடு தூக்கிப்போய், முன்புறப் புல்வெளியில், வெள்ளைக்காரர்கள் தேநீர் குடிக்கும் இடத்தில், மரத்துக்கு மரம் கயிறு கட்டிக் காயப்போட்டாய். மனேஜர் ஓடி வந்தார். "உள்ள ஆளுகளுக்கே காத்து இல்லீங்க சேர், துணி எப்புடிக் காயும்?" என்றாய். ஒரு வெள்ளைக்காரப் பெண் பனிமூட்டத்தில் ஆடும் விரிப்புகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் அவரால் கத்த முடியவில்லை. ஃபேன் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

போட்டும் தந்தார். புதியது குசினிக்குப் போனது. குசினியில் கழற்றியது நமக்கு வந்தது. அதன் இறக்கைகளில் எத்தனையோ வருடத்து எண்ணெய்ப் பிசுக்கு. சோடா போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. அறையின் சூட்டில் அது உருகி, வெளுத்த துணிமேல் மஞ்சளாகச் சொட்டியது. கறைபட்ட விரிப்பையெல்லாம் மறுபடி துவைக்க வேண்டியிருந்தது. கடைசியில் நாமே அதை நிறுத்தி வைத்தோம்.

அப்புறம்தான் உன் இருமல். சூடு அதிகமான உலர்த்தி மெஷின் பக்கத்தில் நீயே நின்றுகொண்டு என்னைக் கதவுப் பக்கம் தள்ளிவிடுவாய். ஈர நெடி உள்ள இடத்தில் வேலை செய்யவே கூடாது என்று டாக்டர் சொன்னதாக என்னிடம் சொன்னாய், அடுத்த நாள் எனக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றாய். "மக படிச்சு முடிக்கட்டும்" என்றாய். பதுளை ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும் நீதான் எனக்கு ஆறுதல் சொன்னாய். "நல்ல காத்துக்கு இம்புட்டு தூரம் வர வேண்டியிருக்கு பாரு புள்ள." அடுத்த நாள் நான் தலையணை உறை மடித்துக்கொண்டிருக்கும்போது நீ போய்விட்டதாக உன் மகள் போன் எடுத்துச் சொன்னாள். அவள் படிப்பை முடிக்கவில்லை. கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

இன்று மத்தியானமே ஃபேனை நிறுத்திவிட்டார்கள். மேலே புதிதாகக் கட்டிய அறைகளில் சத்தம் கேட்கிறதாம், கட்டில் அதிர்கிறதாம். இப்போதுள்ள மனேஜர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர்.

"மேல ஆள் இருக்கப்ப போட வேணாம் அக்கா."

"எப்பதாங்க சேர் போடுறது?"

"ரூம்ல ஆள் இல்லாதப்ப போட்டுக்கங்க."

அறையில் ஆள் இல்லாவிட்டால் துவைக்கத் துணி ஏது? அதை நான் அவரிடம் கேட்கவில்லை. நீயாக இருந்தால் கேட்டிருப்பாய். கேட்டும் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியும். கீழே வந்தேன். நீலச் சுவர் மறுபடி ஆவியில் மறைந்திருந்தது.

எனக்கும் இருமல் தொடங்கியிருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை. வேறு வேலை தேடும் வயதும் இல்லை, மறுபடி மலை ஏறிக் கொழுந்து பறிக்கக் காலும் இல்லை.

வேலை முடிந்து பஸ் ஏறியதும் நீ ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் தள்ளிவிடுவாய், ஞாபகம் இருக்கிறதா? யார் முணுமுணுத்தாலும் இறங்கும்வரை மூட விடமாட்டாய். இப்போது அந்த இருக்கையில் நான் உட்காருகிறேன். இன்று அப்புத்தளை நெருங்கும்போது பனி உள்ளே வந்து மடியெல்லாம் நனைந்தது. பின்னாலிருந்த பெண், "குளுருது, மூடுங்களேன்" என்றாள்.

"எறங்குற வரைக்கும் தொறந்திருக்கட்டுங்க" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.