மணிக்கூண்டுக்குள் நின்ற டெரிலின் சட்டை

அக்கா,

உன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இடது உள்ளங்கையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும், பழைய சுண்ணாம்பும் புற்று மண்ணும் கலந்த வாசனை அதை விட்டுப் போகவில்லை. உன் ரவிக்கையில் இருந்த பொத்தான் இது. அதை அறுத்து எதில் தைத்தாய் என்பது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

உனக்கு எழுத்துத் தெரியாது. நான் படித்த ஐந்தாம் வகுப்பை வைத்துத்தான், பம்பாய்க்கு வேலைக்குப் போன உன் வீட்டுக்காரர், மாமாவிடமிருந்து வந்த ஒரே கார்டை உனக்கு எத்தனையோ தடவை வாசித்துக் காட்டினேன். ‘சம்பளம் வாங்கியதும் புறப்பட்டு வருகிறேன்’ என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு கார்டும் வரவில்லை, அவரும் வரவில்லை. இந்தக் கடிதத்தையும் நானேதான் உனக்கு வாசிக்க வேண்டும்.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் என் பேத்தி எங்கள் வில்லாபுரம் வீட்டுக்குள் நுழைந்தபோது, இதே வாசனை அவள் துப்பட்டாவில் வந்தது. நாம் மண் சுமந்து கட்டிய பல்கலைக்கழகத்தில் அவள் வரலாறு படிக்கிறாள் என்று நான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தது உனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“அம்மாச்சி, மணிக்கூண்டுல ஒரு சுவரு ஊதி நின்னுச்சுன்னு சொன்னேன்ல? இன்னைக்கு உடைச்சாங்க. உள்ள ஒரு ஆளு!”

“ஆளா?”

“சட்டை போட்ட மண்ணு ஆளு. வேலை பாத்தவுக எல்லாம் கடப்பாரையப் போட்டுட்டு வெளிய ஓடியாந்துட்டாக.”

“உக்காந்திருக்காரா, நிக்கிறாரா?”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “நிக்கிறாரு. ஏன் அம்மாச்சி அப்படிக் கேக்குற?”

நாம் உட்கார வைத்துவிட்டு வந்தோமே அக்கா. அதனால் கேட்டேன்.

அந்தப் பல்கலைக்கழகத்து மணிக்கூண்டு பாதி எழும்பி நின்ற காலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. சாரத்தின் உச்சியில் ஏறி நின்றால் கிழக்கே கோயில் கோபுரங்கள் தெரியும். இந்தப் பக்கம் திரும்பினால் உங்கள் ஊர்ச் சமணர் மலை படுத்திருக்கும். கண் படாமல் இருக்கத் திருஷ்டிப் பொம்மை கட்ட வேண்டும் என்று கொத்தனார் அண்ணன் சொன்னார். “கோபுரத்துல ஏன் அம்புட்டுப் பொம்மை வச்சிருக்கான்? பாக்குறவன் கண்ணு பொம்மையில போகட்டும்னுதான். மகாலுக்கு ஒருத்தனும் பொம்மை கட்டல, பாதி இடிஞ்சு போச்சு” என்று அவர் அடித்துச் சொன்னபோது நீ வாயைப் பொத்திச் சிரித்தாய்.

சாக்கில் வைக்கோல் திணித்துக் கையும் காலும் உடம்பும் ஆயிற்று. தலைக்கு ஒரு மண்கலயம். கரியிலும் சுண்ணாம்பிலும் கண்ணும் மீசையும் நான் வரைந்தேன். போட்டுவிடச் சட்டை இல்லை. மறுநாள் நீ மாமாவின் கல்யாணத்து டெரிலின் சட்டையைக் கொண்டு வந்தாய். மூன்றாவது பொத்தான் விழுந்திருந்த இடத்தில் உன் ரவிக்கைப் பொத்தானைத் தைத்திருந்தாய். இதையா கொடுக்கிறாய் என்று கேட்டேன். “பொட்டிக்குள்ள கிடந்து என்ன செய்யப்போகுது? நாலு பேரு பாக்கட்டும்” என்றாய்.

அதன் பிறகு அந்தப் பொம்மை உனக்கு ஆளாகிவிட்டது. செங்கல் சுமந்து ஏறும்போதெல்லாம் அதைப் பார்த்து, “ஏய்யா, மேல நின்னு வேடிக்கை பாக்குறியே, ரெண்டு கல்ல எடுத்துக் குடுத்தா குறைஞ்சா போயிருவ?” என்பாய். சாரமே சிரிக்கும். மாமா எவ்வளவு உயரம் என்று நான் கேட்டதற்கு, “வீட்டு வாசல் நிலையில தலை இடிக்கிற உயரம். தினமும் ‘பாத்து, குனிஞ்சு வாய்யா’ன்னு சொல்லணும், தினமும் இடிச்சுக்குவாரு” என்றாய். நீயும் நானும் பழகியதே இந்தச் சித்தாள் வேலையில்தான்; நான் மாமாவைப் பார்த்ததே இல்லை.

வேலை முடிந்தது. திறப்பு விழாவுக்கு முன்னால் பொம்மையை இறக்கி முச்சந்தியில் எரித்துவிடச் சொல்லி நம் இருவரிடம்தான் கொடுத்தார்கள். “உசுரோட இருக்குற மனுசன் சட்டைக்கு எப்படிடி தீ வைப்பேன்?” என்றாய். வாசலில் மேஸ்திரி நின்றதால் வெளியேயும் கொண்டுபோக முடியவில்லை. மணிக்கூண்டுப் படிக்கு அடியில் இருந்த பொந்தில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, மேலே சாக்கைப் போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். மறுநாள் போனால் பொந்தைச் செங்கல் வைத்து அடைத்தாகிவிட்டது. “உள்ளதான இருக்காரு, எங்க போயிருவாரு” என்று நீ சிரித்தாய்.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. இனிமேல் சொல்வது தெரியாதது.

அந்தச் சுவருக்குக் கொத்தனார் பூச்சுப் பூசியபோது நான்தான் கலவை எடுத்துக் கொடுத்தேன். நீ தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். “பொம்மைய எரிச்சிட்டீகளா தாயி?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நல்லவேளை. எரிக்காம விட்டா, எவன் சட்டை போட்டிருக்கோ அவன் வீடு திரும்ப மாட்டான்” என்றார். அக்கா, சுவர் ஈரமாக இருந்தது. நாலு செங்கலைத் தட்டினால் போதும். ஆனால் விழா நெருங்கிவிட்டது. சுவரைக் கெடுத்தால் அடுத்த வேலைக்கு நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்தேன். அடுத்த சட்டிக் கலவையை எடுத்துக் கொடுத்தேன். நீ குடத்தோடு வந்து, “அண்ணன் என்னடி சொல்லிக்கிட்டிருந்தாரு?” என்றாய். “சும்மாதான்” என்றேன்.

அந்தச் ‘சும்மாதான்’ என் வயிற்றில் கிடந்தது. நாம் சேர்ந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் நீ மணிக்கூண்டைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொள்வாய். நான் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். போன தை மாதம் அந்தப் பொட்டோடு நீ போய்ச் சேரும்வரை நான் வாய் திறக்கவில்லை.

பேத்தி சொன்ன மறுநாள் அவளோடு போனேன். உச்சி வெயில். ஆனாலும் மணிக்கூண்டுக்குள் கால் வைத்ததும் ரோமம் சிலிர்க்கும் குளிர். அதற்குள் யாரோ மஞ்சளும் குங்குமமும் தெளித்திருந்தார்கள். வேலை பார்ப்பவர் ஒருவர் வழிமறித்தார்.

“யாரு பாட்டி நீங்க?”

“கட்டுனவ” என்றேன்.

அவர் விலகி நின்றார்.

வைக்கோலையும் சாக்கையும் கரையான் தின்று தீர்த்திருந்தது. டெரிலினைத் தின்ன முடியவில்லை போலும். சட்டைக்குள்ளேயே புற்று வளர்ந்து, கை நுனிவரை மண் நிறைந்து, தரையிலிருந்து இரண்டு கால் மாதிரி எழும்பி, உட்கார்ந்தவரைத் தூக்கி நிறுத்தியிருந்தது. நான் வரைந்த கண்கள் அழியவில்லை. தலைக் கலயம், படியின் அடிப்பாகத்தில் இடித்துக்கொண்டு நின்றது.

நிலையில் தலை இடிக்கும் உயரம். முதல் முறையாக மாமாவைப் பார்த்தேன்.

நான் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கைகளில் இருந்த மண் மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது. சட்டை கழன்ற பிறகும் உடம்பு அப்படியே நின்றது. புற்றை இடிக்க யாரும் துணியவில்லை. ஒரு வாரத்தில் மறுபடியும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்களாம். என் பேத்தி வகுப்புக்குத் தினமும் அந்தப் படியில்தான் ஏறுகிறாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. ஏன்டி என்று கேட்டால், “தெரியல அம்மாச்சி, போட்டுக்கிட்டு ஏற முடியல” என்கிறாள்.

சட்டை ஒரு மாதம் என் பெட்டிக்குள் இருந்தது. எரிக்கத்தான் வேண்டும். ஆனால் கொத்தனார் சொன்னது உண்மை என்றால், எரித்தபின் மாமா வருவார். வந்தால் பூட்டின வீட்டையா பார்க்க வேண்டும்? அதனால்தான் நீ கொடுத்துவிட்டுப் போன சாவியை எடுத்துக்கொண்டு இன்று காலை உன் ஊர் கீழக்குயில்குடிக்கு வந்தேன். முச்சந்தியில் வைத்துத் தீ மூட்டினேன். டெரிலின் சுருண்டு உருகி ஒரு கறுப்பு உருண்டையாகிவிட்டது. பொத்தானை மட்டும் முதலிலேயே பல்லால் கடித்து எடுத்துக்கொண்டேன். அது உன்னுடையது.

வீட்டைக் கூட்டிவிட்டேன். உலை வைத்திருக்கிறேன், இரண்டு பேருக்குக் காணும். அவர் வந்தால், நீ இருந்தவரை காத்திருந்தாய் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். நான் மறைத்ததையும் அவரிடம் சொல்லத்தான் வேண்டும். வராவிட்டால், இதை உனக்கு வாசித்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போவேன். அடுத்த வாரமும் வருவேன்.

கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன் அக்கா. எழுதத் தொடங்கியதிலிருந்து வாசலில் மூன்று முறை நிழல் விழுந்தது. தலை தூக்கிப் பார்த்தால் யாருமில்லை. மூன்று முறையும், பார்ப்பதற்கு முன்னாலேயே, என் வாய் உன் குரலில் சொல்லிவிட்டது: “பாத்து, குனிஞ்சு வாய்யா.”