சந்தியிலிருந்து லயம் வரை

ஜூன் 11, வியாழன்

விடியற்காலை பிடித்த மழை. றப்பர் பால் வெட்டு இல்லை. வேலை பிரிக்கும் மஸ்டரில் ஆட்களை நிற்கவைத்துவிட்டு வானத்தைப் பார்த்தேன். விடுவதாகத் தெரியவில்லை. எல்லோரையும் புல் வெட்ட அனுப்பினேன். கணக்கப்பிள்ளை வேலையில் பாதி இதுதான், மேகத்தை நம்பலாமா கூடாதா என்று தீர்மானிப்பது.

என் பெண்சாதி ரீட்டா மாதக் கடைசியில் வருகிறாள். பொசொன் பௌர்ணமி லீவோடு சேர்த்துக் கூட ஒரு நாள் தருவதாக அவள் வேலை செய்யும் கொழும்பு வீட்டில் சொல்லியிருக்கிறார்களாம்.

அதற்குள் செய்ய வேண்டியது: பைக் செயின் இறுக்க. பின் சீட்டுக் கிழிசல் தைக்க. மகள் ஷெரினுக்குப் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சப்பாத்து. கூரைத் தகரத்து ஓட்டைக்குத் தார். முடி வெட்ட (எனக்கு).

பின் சீட்டு முதலில்.

மாலையும் மழை. சும்மா உட்கார்ந்திருந்தால் அவள் ஞாபகம்தான். படுக்கையில் கிடக்கும் ஒரு வயதான நோனாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. மாதம் ஒரு தடவை வருவாள். வந்து? லயத்து வரிசை வீட்டில் ஒரே காம்பராவில் அம்மா, தம்பி குடும்பம், பிள்ளைகள், நடுவில் ஒரு திரைச்சீலை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு வயசு" என்று குரல் வரும். போனில் பேசலாம் என்றால் பாறை மேல்தான் சிக்னல். அங்கே எப்போதும் நாலு பேர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுத்தவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

மிச்சமிருப்பது ரோடுதான். சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி பைக்கில் என் பின்னால் ஏறுவாள். தாடையை வலது தோளில் வைத்து, நேரே காதுக்குள் பேச ஆரம்பிப்பாள். லயம் வரை ஓயமாட்டாள். குழியும் கல்லுமான ரோடு, எவனும் மெதுவாகத்தான் ஓட்ட முடியும். நான் அதைவிட மெதுவாக ஓட்டுவேன்.

ஜூன் 13, சனி

காலையில் வெயில், பால் வெட்டு நடந்தது. மத்தியானம் சந்திக்குப் போனேன், தைக்கிற நூல் வாங்க.

நஸார் நானா கடை முகப்பில் பலகை நிறைய ஆணி. பைக் வைத்திருக்கும் தோட்டத்து ஆட்களுக்கு ஆளுக்கொரு ஆணி. பெரிய ரோட்டுக்கு ஏறும்போது ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொள்வோம், திரும்பி வந்ததும் மாட்டிவிட்டு வெறுந்தலையோடு மேலே போவோம். பெரிய ரோட்டில் பொலிஸ் நிற்கும். தோட்ட ரோட்டில் மாடுதான் நிற்கும். என் ஆணி வாழைத்தாருக்குப் பக்கத்தில். அடுத்தது ரீட்டாவுடையது, வார் அறுந்த ஒரு பாதி ஹெல்மெட்.

நானா வழக்கம்போல வம்புக்கு இழுத்தார். "ஒங்கட தலை இங்க தொங்கிட்டு ஈக்கி. எதை வெச்சுக்கிட்டுத் தம்பி மேல போறீங்க?" சிரித்துவிட்டு வந்தேன்.

மாலை ஐயோ என்று சத்தம். பால் லொறி கிளீனர் மைக்கல், பாலத்து வளைவில் பாசியில் வழுக்கி, பைக்கோடு ரோட்டோர வடிகால் கானுக்குள். தலை கல்லில். த்ரீவீலில் தெரணியகலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அம்புலன்சில் இரத்தினபுரி. அவர் பெண்சாதி புஷ்பம் என் ஃபீல்டில்தான் பால் வெட்டுகிறாள். செருப்பில்லாமல் ஓடி வண்டியில் ஏறினாள்.

அவரைத் தூக்கியதில் என் சட்டையில் ரத்தம். அம்மா வாங்கி ஊற வைத்தார்.

ஜூன் 14, ஞாயிறு

தூறல். பூசையில் ஃபாதர் மைக்கலுக்காக ஜெபிக்கச் சொன்னார். முடிந்து சந்திக்குப் போனேன். அவர் ஹெல்மெட் ஆணியில் அப்படியே இருந்தது. கறுப்பு, புத்தம் புதுசு, கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கூட உரிக்கவில்லை. நானா இன்று வம்பு பேசவில்லை. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாறை மேல் நிற்கும்போது ரீட்டாவின் போன் வந்தது. அதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து புஷ்பம் பேசியிருக்கிறாள். மைக்கல் கண் திறந்தாராம், ஆனால் பக்கத்தில் இருப்பது யார் என்று கேட்டாராம்.

"நீங்க எப்புடிப் போறீங்க?"

"பெரிய ரோட்டுல போட்டுக்கிறேன்ல."

"மைக்கலண்ணனுந்தான் பெரிய ரோட்டுல போட்டுக்கிட்டாரு. இனிமே வீட்டு வாசல்லயிருந்து போடுங்க. எனக்கும் ஒழுங்கான ஒண்ணு வாங்குங்க."

"தோட்டத்துக்குள்ள யாரு போடுறா? என் தலை, என் இஷ்டம்."

பாறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த உற்சாகத்தில் இன்னொரு தடவையும் சொன்னேன்.

ரீட்டா நிதானமாகச் சொன்னாள். "சரி. தலை ஒங்க இஷ்டம். பின்னாடி ஏறுறது என் இஷ்டம். நான் த்ரீவீல்ல வந்துக்கிறேன்."

வைத்துவிட்டாள்.

ஜூன் 16, செவ்வாய்

மழை. புஷ்பத்தின் மரங்களை வேறு ஆளுக்குப் பிரித்துக் கொடுத்தேன்.

ஹெல்மெட் ஏன் வேண்டாம் என்று ரீட்டாவுக்குச் சொல்லக் காரணம் யோசித்தேன். லொறி ஹோர்ன் கேட்காது. மழையில் கண்ணாடி மறைக்கும். கழுத்து வேகும். எல்லாம் நியாயம்தான், எதுவும் உண்மையில்லை. உண்மை என்னவென்றால் ஹெல்மெட்டுக்குள் அவள் குரல் வராது. பெரிய ரோட்டில் போட்டுப் பார்த்தாயிற்று. தலையும் தலையும் டொக் டொக் என்று இடிக்கும், அவள் ஏதோ சொல்வாள், பீப்பாய்க்குள் பேசுவதுபோல ஒரு முனகல் வரும், அவ்வளவுதான். மாதம் முழுக்க நான் காத்திருப்பது அந்தத் தோட்ட ரோட்டுக்காக. நாற்பது வயதுக் கணக்கப்பிள்ளை பாறை மேல் நின்றுகொண்டு, நாலு பேர் கேட்க, உன் பேச்சு காதுல படணும் என்று எப்படிச் சொல்வது? வாய் வராது.

பின் சீட்டைத் தைத்துவிட்டேன். யாருக்காக என்று ஊசி குத்தும்போதெல்லாம் கோபம் வந்தது.

ஜூன் 17, புதன்

ரீட்டா எடுக்கவில்லை. ஷெரின் எடுத்தபோது அவளோடு மட்டும் பேசினாள். "அப்பாவ கேட்டதா சொல்லவா?" என்று பிள்ளை கேட்டது. பதில் என்ன வந்ததோ, என்னிடம் சொல்லவில்லை.

அவள் த்ரீவீலில் வருவதை நினைத்துப் பார்த்தேன். உள்ளே இன்னும் நாலு பேர், அரிசி மூட்டை. பின்னால் நான், தனியாக, புகையைக் குடித்துக்கொண்டு.

வேண்டாம். பேசாவிட்டாலும் பரவாயில்லை, பின்னால் உட்காரட்டும்.

ஜூன் 19, வெள்ளி

வெயில். நேற்று மாலை ஆணியிலிருந்து என் ஹெல்மெட்டை எடுத்து லயத்துக்குக் கொண்டுவந்தேன். இன்று காலை வாசலிலேயே போட்டுக்கொண்டு மஸ்டருக்குப் போனேன்.

ஒரு கூத்து. வழியில் பார்த்தவர்கள் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளை தோட்டத்துக்குள் ஹெல்மெட் போடுகிறான் என்றால் பொலிஸ் உள்ளே வந்துவிட்டது. மேல் டிவிஷனில் லயிசன் இல்லாத பைக்கெல்லாம் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்விட்டது. றப்பர் ஸ்டோரில் வேலைக்கு வந்தவர்கள் நடந்து வந்தார்கள். பத்து மணிக்குள் கதை வளர்ந்து, பாலத்து வளைவில் ரெண்டு பேர் ஒளிந்திருக்கிறார்கள், ஒருத்தன் குண்டு என்றெல்லாம் ஆகிவிட்டது. மத்தியானம் ஃபீல்ட் ஒபிசர் ஐயாவே என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எங்கப்பா நிக்கிறானுங்க?"

"யாருங்கய்யா?"

"பொலிஸ்தான்."

"யாரும் இல்லீங்க. சும்மா போட்டேன்."

"சும்மாவா?" நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார். மாலையில் அவரும் ஹெல்மெட்டோடுதான் போனார்.

சந்தி ஆணிகளில் பாதி இன்று காலி என்று நானா சொன்னார். மைக்கல் கானில் விழுந்தபோது ஒருத்தனும் எடுக்கவில்லை. இல்லாத பொலிஸுக்குப் பயந்து எடுத்திருக்கிறோம். எங்களைச் சொல்லி என்ன.

ஜூன் 21, ஞாயிறு

தெரணியகலை. ஷெரினுக்குச் சப்பாத்து வாங்கியாயிற்று. பிறகு ஹெல்மெட் கடை. கடைக்கார மல்லி சிங்களத்தில் கேட்டான், "நோனாகெ ஒளுவ லொக்குத?" தலை பெரிதா என்று.

தெரியவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பெண்சாதியின் தலை அளவு தெரியவில்லை. செருப்பு அளவு தெரியும், வளையல் அளவு தெரியும். உள்ளங்கையை விரித்து ஞாபகப்படுத்திப் பார்த்தேன். அவள் காய்ச்சலில் கிடந்தபோது இந்தக் கையால்தான் தலையைத் தாங்கிக் கஞ்சி கொடுத்தேன். கையை அப்படியே ஹெல்மெட்டுக்குள் விட்டு விட்டுப் பார்த்தேன். மல்லி சிரிக்காமல் நின்றான், நல்ல பையன். கடைசியில் சிவப்பில் ஒன்று, நல்ல வார் உள்ளது.

இருட்டும் முன்னே வீடு. எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். அம்மாவும்.

ஜூன் 24, புதன்

மழையோ மழை. பாறையில் குடையோடு நின்று அவளுக்கு எடுத்தேன். இந்தத் தடவை எடுத்தாள்.

"வாங்கிட்டேன். நானும் வாசல்லயிருந்துதான் போடுறேன்."

"என்ன கலரு?"

"செவப்பு."

"ம்."

அந்த ஒரு 'ம்'மை வைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். காலெல்லாம் அட்டை.

அதே போனில்தான் சொன்னாள், மைக்கலுக்குக் கொஞ்சம் தேவலையாம். புஷ்பத்தின் பெயரைச் சொல்லிவிட்டாராம். அவள் போனில் அழுதுகொண்டே சொன்னதாக ரீட்டா சொன்னாள். பிறகு ரீட்டாவும் அழுதாள். கொழும்பில் அவள் அழுகிறாள், நான் இங்கே பாறையில் குடையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஜூன் 26, வெள்ளி

வேலை ஓடவில்லை. முடி வெட்டியாயிற்று, அதிகமாக வெட்டிவிட்டான். செயின் இறுக்கியாயிற்று. கூரைக்குத் தார் பிறகு பார்க்கலாம். நாளைக்கு இதே நேரம் அவள் இங்கே இருப்பாள்.

ஜூன் 27, சனி

மத்தியானம் மழை விட்டிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மெலிந்திருக்கிறாள். நானா எட்டிப் பார்த்து, "வாங்க தங்கச்சி, தம்பிக்கு இப்பத்தான் தலை வந்து ஈக்கி" என்றார். சிவப்பு ஹெல்மெட் கொஞ்சம் பெரிது. வாரை நான்தான் இழுத்து மாட்டினேன். கன்னத்தில் விரல் பட்டது.

ஏறினாள். கிளம்பினோம். டொக். இன்னொரு பள்ளம், டொக். பின்னால் அவள் பேச ஆரம்பித்தாள். குரல் வருகிறது, வார்த்தை இல்லை. பாலத்து வளைவு தாண்டும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. றப்பர் மரத்தடியில் நிறுத்திவிட்டேன்.

"என்னாச்சு? பெட்ரோல் இல்லையா?"

ஹெல்மெட்டைக் கழற்றினேன். "நீ பேசுறது கேக்கல."

"வீட்ல போயி பேசலாம்."

"வீட்ல எங்க பேசுறது?"

அவளும் கழற்றினாள். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. சொல்லிவிட்டேன், மாதம் பூராவும் இந்த ரோட்டுக்காகத்தான் இருக்கிறேன் என்று. நீ காதில் பேசிக்கொண்டு வருவதற்காகத்தான், வேறு ஒன்றுக்கும் இல்லை என்று.

"அதுக்கா என் தலை என் இஷ்டம்னு கத்துனீங்க? அந்த மனுசன் அங்க கெடக்கயில?"

"ஆமா."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

இருக்கலாம்தான். வண்டியில் ஏறவில்லை. ஹெல்மெட் இரண்டையும் ஹேண்டிலில் மாட்டி, அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், தள்ளிக்கொண்டு நடந்தோம். ஒரு த்ரீவீல் மெதுவாக்கி, "என்னா கணக்கப்பிள்ள, பஞ்சரா?" ஆமா என்றேன்.

அவள் பேசினாள். நோனா தன்னை மகள் என்று நினைத்துத் திட்டுவதை, ஜன்னலில் வரும் கிளியை, தூக்கம் வராமல் கிடப்பதை. மழை மறுபடி பிடித்தது. பேசிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். என்னையே பார்த்தாள்.

"மாசாமாசம் ஒங்க காதுகிட்டத்தான் பேசிக்கிட்டு வர்றேன். மூஞ்சி தெரியாது. சிரிக்கிறீங்களா, கோவமா, ஒண்ணும் தெரியாது. முதுகு மட்டுந்தான்."

எனக்கு அது தோன்றியதே இல்லை.

"வேலைக்குப் போன நாள்லயிருந்து ஒரு தடவையாவது போகாதன்னு சொல்லியிருக்கீங்களா?"

இல்லை. ஒவ்வொரு முறையும் பஸ் ஏற்றிவிட்டு 'பத்திரம்' என்பேன், 'போய் போன் எடு' என்பேன். போகாதே என்று சொன்னால் அவளுக்குக் கால் நகராதே, ஷெரின் படிப்பு இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் இத்தனை நாளும் அதையா எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்?

பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தினேன். சுற்றிக்கொண்டு அவள் பக்கம் போனேன்.

"போகாத ரீட்டா."

முகத்தை முந்தானையால் துடைத்தாள். மழையா கண்ணீரா, தெரியவில்லை.

"திங்கக்கெழம போகத்தான் வேணும்" என்றாள்.

"தெரியும்."

"இன்னொரு தடவ சொல்லுங்க."